கணினியில் எழும் கட்டடமும் களத்தில் நிற்கும் மக்களும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இவ்விரண்டிலும் தொல்லை தருவது பணமுடை மட்டுமன்று. பலரும் ஒரு மனமாய்க் கூடாமையும் ஆகும். ஊருக்கென ஒரு பள்ளிக்கூடமோ நூலகமோ எழுப்பும்போது இதனை நன்கு காணலாம். பொறியாளர் வரைந்தது ஒன்று. மேஸ்திரி விளங்கிக்கொண்டது ஒன்று. தலைமையாசிரியர் எதிர்பார்த்தது மற்றொன்று. சுவர் பூசி முடிந்த பின்னர்த் தண்ணீர்க் குழாய்க்காக அதனை உடைக்கிறோம். இவ்வாறு வீணாவது பொதுமக்களின் பணமே. இக்குறையைப் போக்க இன்று கையாளப்படும் ஒரு முறையையும், அது பயன் தரவேண்டுமானால் நாம் செய்யவேண்டியவற்றையும் இங்கு ஆராய்வோம்.

கணினிக் கட்டட மாதிரி

காகித வரைபடத்தில் தூண் என்பது வெறும் கோடு. கணினி மாதிரியிலோ அத்தூணுக்கு நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் உண்டு. எத்தனை கம்பி, எவ்வகைக் கான்கிரீட், எந்நாளில் வார்ப்பது, என்ன செலவு என்னும் செய்திகளும் அதனுடன் இணைந்திருக்கும். பொறியியலார் இதனைச் சுருக்கமாக 'பிம்' என்பர். கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் ஆகியோர் தத்தம் பகுதியை மாதிரியாக அமைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவர். உத்திரத்தின் ஊடே கழிவுநீர்க் குழாய் செல்வதாயிருந்தால், கணினி அதனை உடனே காட்டிவிடும். திரையில் ஒரு குழாயை நகர்த்துவது எளிது. களத்தில் உத்திரத்தைத் துளைப்பது கேடு.

நாகபுரி மெட்ரோ ரயில் பணியில் இம்முறை கையாளப்பட்டது. வடிவத்துடன் கால அட்டவணையையும் செலவையும் சேர்த்து, 'ஐந்து பரிமாண' மாதிரி என்று அதற்குப் பெயரிட்டனர். பிரிட்டனில் 2016 முதல் மைய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு இம்முறை கட்டாயமாக்கப்பட்டது. இத்தகைய பணிகளில் செய்திகளை ஒழுங்குபடுத்துவதற்கென 'ஐ.எஸ்.ஓ. 19650' என்னும் உலகத் தர நெறி 2018இல் வெளிவந்தது. அதன் சாரம் எளியது: எவர் எந்தச் செய்தியை, எப்போது, எவருக்குத் தரவேண்டும் என்பதை முன்னரே எழுதி வைத்தல், அனைவரும் ஒரே இடத்தில் வைத்த ஒரே ஆவணத்தைப் பார்த்தல். கணினி கற்ற ஒருவர் மாதிரியை வரைந்துவிடலாம். பலரையும் அதன்பால் இணங்கச் செய்வதே கடினம்.

பங்குடையோர் யாவர்?

பணம் தருவோரும் பணி செய்வோரும் மட்டுமே பங்குடையோர் என எண்ணுவது பிழை. கட்டடத்தை நாள்தோறும் பயன்படுத்தப் போகிறவர், பின்னாளில் பழுது பார்ப்பவர், மின்வாரியத்தார், அண்டை நிலத்துக்காரர், அவ்வழியே வண்டி ஓட்டிச் செல்லும் குடியானவர் ஆகிய அனைவரும் பங்குடையோரே. எந்த மூலையில் மழைநீர் தேங்கும், எங்கே பழைய கிணறு தூர்ந்து கிடக்கிறது, எந்தப் பொழியின் அடியில் பாசனக் குழாய் புதைந்துள்ளது என்பவற்றைத் தோட்டத்துக்காரர் அறிவார், கணினி அறியாது. அவரைக் கேளாமல் வரைந்த மாதிரி அழகாயிருக்கலாம், உண்மையாய் இராது.

அத்திக்கடவு தரும் பாடம்

கொங்கு நாட்டில் அண்மையில் நிறைவேறிய அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தை எண்ணிப் பார்ப்போம். அது கட்டடப் பணி அன்று. ஆயினும் பங்குடையோரைப் பற்றிய பாடம் அதில் தெளிவாக உள்ளது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அளவை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். 2019இல் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டம் 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்துக்குக் குழாய் பதித்தாயிற்று. ஆயினும் முதல் மூன்று நீரேற்று நிலையங்களை ஒட்டிக் குழாய் செல்லவேண்டிய சில நிலங்களில் உரிமையாளருடன் உடன்பாடு காணக் காலம் பிடித்தது. ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் சங்கிலி முழுதும் பயனற்றதாகிறது. நெடுந்தொலைவு பதித்த குழாயும் சிறு துண்டு நிலத்துக்காகக் காத்திருக்க நேர்வது இதனாலேயே.

நிலத்துக்காரர் கேட்பதும் நியாயமே. தம் நிலத்தில் எவ்வளவு அகலம் தோண்டப்படும், எத்தனை ஆழத்தில் குழாய் இருக்கும், மேலே மீண்டும் உழலாமா, இழப்பீடு எப்போது வரும் என்பனவே அவர் வினாக்கள். புலப்படத்தின்மேல் குழாய்ப் பாதையைப் பொருத்தி அவருடைய சர்வே எண்ணையே திரையில் காட்டினால், பாதி ஐயம் அப்போதே நீங்கும். மறுபாதி, கொடுத்த வாக்கைக் காப்பதனால் நீங்கும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவது, பங்குடையோர் பட்டியல். பணியால் நன்மை பெறுவோர், இடையூறு அடைவோர், தடுக்க வல்லோர் என வகுத்து எழுதிக்கொள்ளுதல் நன்று. நன்மை பெறுவோரை மட்டும் கூட்டிப் பேசுவதால் பயனில்லை.

இரண்டாவது, காலத்தே காட்டுதல். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடிவந்தது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டன. ஒப்பந்தம் விடுமுன் இக்கூட்டமொன்றில் மாதிரியைத் திரையிட்டுக் காட்டும்படி பொறியாளரைக் கேட்கலாம். வரைபடம் படிக்க அறியாத தாய்மாரும் திரையில் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, 'கழிப்பறைக் கதவு தெருவை நோக்கி இருக்கலாமா?' என்று கேட்பர். அக்கேள்வியின் விலை அன்று ஒன்றுமில்லை. கட்டிய பின்னரோ ஒரு சுவரின் விலை.

மூன்றாவது, ஒரே பொறுப்பாளர். மாதிரியைத் திருத்தும் உரிமை ஒருவரிடமே இருத்தல் வேண்டும். திருத்தந்தோறும் நாளும் காரணமும் குறிக்கப்பட வேண்டும். பழைய படத்தை வைத்து மேஸ்திரி கட்டுவதும், புதிய படத்தை வைத்து அதிகாரி அளப்பதும் வழக்குக்கு வித்தாகும்.

நான்காவது, குறைப் பதிவேடு. எவர் என்ன சொன்னார், அது ஏற்கப்பட்டதா, இல்லையேல் ஏன் என்பதை எழுதி அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மறுக்கப்பட்டதைவிட, கேட்டும் விடை கிடையாமையே மக்களைப் பெரிதும் புண்படுத்துகிறது.

ஐந்தாவது, ஒப்படைப்பு. பணி முடிந்ததும், கட்டியவாறே திருத்திய மாதிரியின் ஒரு படி ஊராட்சி அலுவலகத்துக்கு வரவேண்டும். பத்தாண்டு கழித்துக் குழாய் கசியும்போது எந்தச் சுவரைத் திறப்பது என்பதை அதுவே சொல்லும்.

சிறு கட்டடங்களுக்கு இத்தனை ஏற்பாடும் வேண்டுமோ என்று சிலர் ஐயுறலாம். ஓர் அங்கன்வாடிக்குக் கணினி மாதிரி இன்றியமையாதது அன்று. தெளிவான படமும் மேற்கூறிய ஐந்து ஒழுங்குகளும் போதும். ஆனால் கணினி இருந்தும் இவ்வொழுங்குகள் இல்லையேல், பழைய பூசலையே புதிய திரையில் காண்போம். ஆகவே, அடுத்த பணிக்கு மதிப்பீடு வருமுன், அதனால் நன்மையோ இடையூறோ அடைவோர் அனைவரின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைப்பதிலிருந்து தொடங்குவோமாக.