வெயிலில் உலரட்டும்!

மாதவிடாய் நாட்களில் ஒரு மாணவி பாடசாலைக்கு வராதிருப்பது எப்போதும் நோயினாலன்று. தகுந்த துணி இல்லாமையாலும் ஆகும்.

கென்யாவின் நைரோபி நகரருகே உள்ள அநாதை இல்லமொன்றில், அந்நாட்களில் பெண்பிள்ளைகள் வகுப்புக்குச் செல்லாமல் அறைக்குள்ளே அட்டைத் துண்டுகளின்மேல் அமர்ந்திருந்தனர். 2008ஆம் ஆண்டில் இதை அறிந்த அமெரிக்கப் பெண்மணி செலஸ்ட் மேர்ஜன்ஸ், முதலில் கடை அணையாடைகளை அனுப்புவித்தார். பாவித்தவற்றை எறிய அங்கே இடமில்லை. அதன் பின்னரே, கழுவித் திரும்பவும் பாவிக்கத்தக்க அணையாடைகளைத் தைக்கும் பணி தொடங்கிற்று.

அமைப்பு எளிது. நீர் கசியாத துணியை உள்ளே வைத்துத் தைத்த உறை ஒன்று. அதன்மேல் மூன்றாக மடித்து வைக்கும் பிளனல் துணி. வெள்ளைத் துணியிற் கறை தெரிந்தது. ஆகவே கடும் நிறப் பூத்துணிக்கு மாறினர். விரித்தால் சாதாரணச் சதுரத் துணியாகவே தோன்றுவதால், கொடியில் உலர்த்தக் கூச்சமில்லை.

சூட்சுமம் இதிலேதான் உண்டு. வெட்கத்தால் இருட்டு மூலையில் ஈரமாய்க் கிடக்கும் துணி கிருமிக்கு இடங்கொடுக்கும். சவர்க்காரமிட்டுக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்திய துணியோ உடலுக்குப் பாதுகாப்பு.

தாய்மாரே, தையல் பயிலும் மாணவிகளே! பூவேலை கற்ற கைகள் இதனையும் கற்கட்டும். ஒரு பிள்ளை இழக்கும் பாடநாட்களை ஓர் ஊசியும் நூலும் மீட்டுத் தரக்கூடுமெனின், அதனிலும் சிறந்த தையல் வேறேது?