காலுக்கு ஒரு துடுப்பு

பீன்யாவில் அலுமினியத் தகடு வெட்டும் தூத்துக்குடி, இராமநாதபுரம் வாலிபர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. மன்னார் வளைகுடாவில் சங்கும் கடலட்டையும் எடுக்க மூழ்கியவர்கள் அதே தகட்டை வெட்டிப் பாதத்தில் கட்டிக்கொண்டு நீந்தினார்கள். கடலட்டைக்கு 2001-இல் தடை வந்துவிட்டது. சங்கு குளிப்பு இன்னும் நின்றபாடில்லை.

முத்துக் குளித்தவர்கள் கல்லின் கனத்தில் கீழே இறங்கினார்கள். மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு! கல் ஆளை ஆழத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். அடியில் இங்குமங்கும் தேடிப் போகவும், மூச்சு முட்டுமுன் மேலே வரவும் உதவுவது கால் துடுப்பே.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ 1933-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கரான ஓவன் சர்ச்சில் 1940-இல் ரப்பரில் செய்து விற்கத் தொடங்கினார். முதல் ஆண்டில் விலைபோனது 946 ஜோடிதான். அது உலக யுத்தக் காலம். கடற்படை முக்குளிப்பாளர்கள் அதை மாட்டிக்கொண்டார்கள்.

சூட்சுமம் எளியது. பாதம் சிறியது, அது தள்ளும் தண்ணீரும் கொஞ்சம். அகன்ற துடுப்பு ஒரே உதையில் நிறையத் தண்ணீரைப் பின்னே தள்ளுகிறது. தொடையின் பெரிய தசைகளுக்கு வேலை கிடைக்கிறது. கை ஓய்வாகி, சங்கு பொறுக்கவோ, தத்தளிப்பவரைப் பிடித்து இழுக்கவோ பயன்படுகிறது. தகடு விறைத்து நிற்கும். ரப்பர் காலோடு வளைந்து கொடுக்கும். நீச்சல் பழகுகிறவர்கள் குட்டைத் துடுப்பு வாங்குவது நல்லது. நீளமும் விறைப்பும் கூடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முழங்காலை மடக்கி மிதிப்பது சைக்கிளுக்குச் சரி. இங்கே உதை இடுப்பிலிருந்து வர வேண்டும்.

துடுப்பு இருக்கிறதே என்று, நீந்தத் தெரியாதவர் ஞாயிற்றுக்கிழமை கல்குவாரிக் குட்டையில் குதித்துவிடக் கூடாது. அது வேகம் தருமே தவிர, ஆளை மிதக்க வைக்காது. குவாரியின் கரை சரிவாக இராது, செங்குத்தாக இறங்கும். ஓரடி தள்ளினால் ஆழம் தெரியாது, பிடித்து ஏறவும் இடமிராது. பழக விரும்புவோர் பயிற்சியாளர் நிற்கும் நீச்சல் குளத்துக்குப் போகட்டும். முதலில் வெறுங்காலோடு மிதக்கப் பழகட்டும், துடுப்பு அதற்கப்புறம். கரையில் அதைப் போட்டுக்கொண்டு நடக்க நேர்ந்தால் பின்பக்கமாக நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் நுனி மடங்கித் தடுக்கிவிடும்.