ஏழை மாணவர் பெயரில் ஒரு கணக்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலம். மெம்பிஸ், நாஷ்வில் பகுதிகளில் வசிக்கும் குறைந்த வருமானக் குடும்பம், பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்ற நினைத்தால், அந்தப் பிள்ளைக்காக மாநில அரசு ஒரு கணக்கு தொடங்கும். ஆரம்பத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,300 டாலர். கட்டணம், பாடநூல், சீருடை, டியூஷன், போக்குவரத்து என்று அரசு ஒப்புக்கொண்ட செலவுகளுக்கு மட்டுமே அந்தப் பணம் போகும்.

பணத்தைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டுப் போகலாமே, கணக்கு எதற்கு? இந்தச் சுற்றுவழியை முதலில் கண்டுபிடித்தது அரிசோனா. தனியார் பள்ளிக்கும் மதப் பள்ளிக்கும் பொதுப்பணம் தரக் கூடாது என்பது அந்த மாநில அரசமைப்பின் விதி. அதைக் காட்டி 2009-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் வவுச்சர் (தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு தரும் சீட்டு) திட்டங்களைச் செல்லாது என்றது. இரண்டே ஆண்டுகளில் கணக்கு வந்தது. வவுச்சர் பள்ளிக் கட்டணத்துக்கு மட்டுமே உதவும். கணக்கிலுள்ள பணத்தைப் பெற்றோர் பல வகையில் செலவிடலாம். ஆகவே அரசு கொடுப்பது குடும்பத்துக்குத்தான், பள்ளிக்கு அல்ல என்ற வாதம் 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபட்டது. வழக்கறிஞர்களின் கெட்டிக்காரத்தனம்!

டென்னசி சட்டம் 2019-ல் நிறைவேறிய விதம் இன்னும் சுவாரசியம். கீழவையில் 49-49 என வாக்கு சமமாக நின்றது. அவைத்தலைவர் அரை மணி நேரத்துக்கும் மேலாக வாக்கெடுப்பை முடிக்கவில்லை. கடைசியில், தன் மாவட்டத்துக்குத் திட்டம் வராது என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு நாக்ஸ்வில் உறுப்பினர் ஒருவர் ஆதரவுக்கு மாறினார். ஏழைப் பிள்ளைக்கு நல்லதென்றால் நாக்ஸ்வில் ஏழைக்கு மட்டும் ஏன் கூடாது? திட்டம் திணிக்கப்பட்ட, மெம்பிஸும் நாஷ்விலும் அடங்கிய இரு கவுன்டிகளும் (மாவட்டங்களும்) வழக்குப் போட்டன. 2022-ல் மாநில உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்ற பிறகே கணக்குகள் தொடங்கின.

கணக்கு இருந்தாலும் இடம் உறுதியில்லை. யாரைச் சேர்ப்பது என்பதைப் பள்ளியே முடிவு செய்யும். கட்டணம் கூடுதலென்றால் மீதிக்குக் குடும்பம்தான் வழி பார்க்க வேண்டும்.

2019-ல் இந்தக் கணக்கு பெற நான்கு பேர் குடும்பத்துக்கு வருமான வரம்பு ஏறத்தாழ 67,000 டாலர். 2025 தொடக்கத்தில் அதே மாநிலம், எல்லா மாவட்டங்களுக்குமாக 20,000 கல்வி உதவித்தொகைகளை அறிவித்துத் தனிச் சட்டம் இயற்றியது. அவற்றில் 10,000-க்கு மட்டும் வருமான வரம்பு இருந்தது: நான்கு பேர் குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,73,000 டாலர். மற்ற 10,000-க்கு வரம்பே இருக்கவில்லை.