நடுவுல நிக்கிற பேனல் யார் பொறுப்பு?

போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்-ஏல மையங்கள் உண்டு. வியாபாரிகள் கம்ப்யூட்டரில் விலை கேட்பார்கள். நடுவில் கரண்ட் போனால்?

இந்த மாதிரி ஒரு ஹாலுக்கு யூ.பி.எஸ்.ஸுக்கு ஒருத்தர், ஜெனரேட்டருக்கு ஒருத்தர் என இரண்டு ஏ.எம்.சி. போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மெயின் போனதைக் கண்டுபிடித்து, ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து, லோடை மாற்றுவது நடுவில் நிற்கும் ஏ.எம்.எப். பேனல். அது பழுதானால் இருவருமே "எங்க லிஸ்ட்ல இல்ல சார்" என்பார்கள். பேப்பர்படி ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்!

'காம்ப்ரிஹென்சிவ்' என்றால் உதிரிபாகமும் சேர்த்தி. ஆனால் பேட்டரியைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்த விலக்குப் பட்டியலைத்தான் முதலில் படிக்கணும்.

"நன்கு பராமரிக்க வேண்டும்" என்று எழுதுவது ஸ்கோப் ஆகாது. "மாதம் ஒருமுறை, லோடு ஓடும்போதே மெயினை ஆஃப் செய்து, ஜெனரேட்டர் எத்தனை நொடியில் ஏற்றது என்று குறித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும்": இது ஸ்கோப். பேனலையும் யாராவது ஒருவர் பெயரில் எழுதிவிடணும்.

ஒரே ஸ்கோப்பை இரண்டு ஊருக்கும் காப்பி அடிக்கவும் முடியாது. புற்றடியில் ஜூனிலேயே மழை, ஈரம். மழை மறைவில் இருக்கும் போடிக்கு அக்டோபர், நவம்பரில்தான் நல்ல மழை. சர்வீஸ் தேதியும் அதற்கேற்ப மாறணும். "24 மணி நேரத்தில் ஆள் வருவார்" என்பதும் உதவாது, அதற்குள் அன்றைய ஏலம் முடிந்திருக்கும். ஏல நாளில் டெக்னீஷியன் ஹாலிலேயே இருக்கணும் என்று எழுதி, அதற்கான காசையும் சேர்த்துப் பேசுங்கள்.