கணினியின் கடிகாரம் பின்னோக்கிப் போனால்

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினி ஆறு மாதங்களாக மூலையில் கிடந்தது. இயக்கினால் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டும். எந்த இணையதளமும் திறக்காது. பாதுகாப்பு எச்சரிக்கைதான் வரும். கழித்துவிடலாம் என்று தலைமையாசிரியரிடம் சொன்னவன் நானே. ஆனால், அந்த வகுப்பில் ஒரு கணினிக்கு மூன்று மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கோளாறு மிகச் சிறியது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓட, மதர்போர்டில் நாணய வடிவ பேட்டரி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது சிஆர்2032 வகை: விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ., மின்னழுத்தம் 3 வோல்ட். கடையில் ‘சிமாஸ் பேட்டரி’ என்றால் தருவார்கள். அது தீர்ந்தால் தேதி மாறிவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அதற்குள் இல்லாவிட்டால் உலாவி சான்றிதழை ஏற்காது.

உத்தரவாதக் காலம் முடிந்த கணினி என்றால் நாமே மாற்றலாம். மின் இணைப்பைக் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்துங்கள். உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டு, கொக்கியை நெகிழ்த்திப் பழையதை எடுங்கள். பழையது இருந்த பக்கவாட்டிலேயே புதியதை வையுங்கள். பிறகு தேதியைச் சரிசெய்யுங்கள்.

பழைய பேட்டரியை மாணவர் கைக்கு எட்டவிடாதீர்கள். சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மின்னணுக் கழிவோடு சேருங்கள்.

அந்தக் கணினி இப்போது மூலையில் இல்லை. கழிவுப் பட்டியல் எழுதுமுன் ஒருமுறை தேதியைப் பாருங்கள்.