எனக்கும் அப்பா இல்லை

பத்து வயதுப் பையன் கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்து முன்னால் நடக்கவிடுகிறோம். அவன் தங்கையை, "சின்னப்பிள்ளை, பயந்துடுவா" என்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இரண்டு பிள்ளைகளிடமும் யாரும் எதையும் கேட்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் பஸ் ஏறும்போது பையனுக்குக் கிடைப்பது ஒரு புத்திமதி: "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை. அம்மா முன்னாடி அழாதே." தங்கைக்கு, "அப்பா சாமிகிட்ட போயிருக்காங்க."

அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பையன் எங்கே போய் அழுவான்? அம்மா உடைந்துவிடுவாள் என்று அவனும், பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்று அம்மாவும் ஆளுக்கொரு மூலையில் அடக்கிக்கொள்ளும் வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு. வகுப்பில் எல்லோருக்கும் அப்பா இருக்கிறார், தனக்கு மட்டும்தான் இல்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

இந்தத் தனிமைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சில நாடுகளில் ஒரு வழி நடைமுறையில் இருக்கிறது. பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ இழந்த பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கிறார்கள். அதே நேரத்தில், அடுத்த அறையில் அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைக்கிறார்கள். இழந்தவர்களுக்கு இழந்தவர்களே துணை. கேட்க எளிதாக இருக்கிறது. இதை ஒழுங்காகச் செய்வதற்கு மிகுந்த கவனம் தேவைப்படுகிறது.

டகி என்ற சிறுவன்

டகி டர்னோ மூளைக்கட்டியோடு வாழ்ந்த அமெரிக்கச் சிறுவன். மரணத்தை எதிர்நோக்கியவர்களோடு பல ஆண்டுகள் பணிபுரிந்த மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸுக்கு அவன் ஒரு கடிதம் எழுதினான். வாழ்க்கை என்றால் என்ன, சாவு என்றால் என்ன, சின்னப் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்று கேட்டிருந்தான். அவர் வண்ணப் பேனாக்களால் படம் வரைந்து, கைப்பட நீண்ட பதில் எழுதி அனுப்பினார்.

சிகிச்சைக்காக ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகருக்கு வந்த டகியை பெவர்லி சாப்பல் என்ற செவிலியர் அறிந்திருந்தார். பெரியவர்கள் தயங்கித் தவிர்க்கும் பேச்சை நோயுற்ற பிள்ளைகள் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்வதை அவர் கவனித்தார். 1981-ல், 13 வயதில் டகி இறந்தான். அடுத்த ஆண்டு, இழப்பைச் சந்தித்த சில பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே கூட்டி சாப்பல் ஒரு குழுவைத் தொடங்கினார். அதுதான் டகி சென்டர். துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான சகதுணைக் குழு என்று அமெரிக்காவில் முதலில் உருவான மையம் அது. 2009-ல் யாரோ தீவைத்து அதன் கட்டடம் எரிந்துபோனபோதும் குழுக்கள் வேறிடத்தில் தொடர்ந்தன. அதனிடம் கற்றுக்கொண்டு பல நாடுகளில் நூற்றுக்கணக்கான மையங்கள் எழுந்திருக்கின்றன.

அறைக்குள் என்ன நடக்கிறது

பிள்ளைகளை வயது பார்த்துப் பிரிக்கிறார்கள். இறந்தது அப்பாவா, அக்காவா என்றும் பார்க்கிறார்கள். எப்படி இறந்தார் என்பதையும் பார்க்கிறார்கள்: நீண்ட நோயா, திடீர் மரணமா, கொலையா, தற்கொலையா? புற்றுநோயில் மெல்ல மெல்ல அம்மாவை இழந்தவனின் மனமும், காலையில் வேலைக்குப் போன அப்பா மாலையில் பிணமாக வந்ததைப் பார்த்தவனின் மனமும் வேறு வேறு.

எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். தன் பெயர், வயது, யார் இறந்தார், எப்படி இறந்தார் என்று ஒவ்வொருவராகச் சொல்லலாம். சொல்லப் பிடிக்கவில்லையென்றால் 'பாஸ்' என்று அடுத்தவருக்கு விட்டுவிடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த விதியைத்தான் இந்த முறையின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். சாவு வீட்டில் எதுவுமே அந்தப் பிள்ளையைக் கேட்டு நடக்கவில்லை. பேசுவதா வேண்டாமா என்பதையாவது அது தானே முடிவு செய்கிறது. பல வாரம் வாயே திறக்காத பிள்ளை, எதிரே இருப்பவன் "எங்கப்பாவும் ஆக்சிடென்ட்லதான்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்கும் பலன் உண்டு.

பிறகு விளையாட்டு. மணல் தட்டு, பொம்மைகள், வண்ணங்கள், பொம்மைக் கட்டிலும் ஊசியும் வைத்த மருத்துவமனை மூலை. சிறு பிள்ளைகள் துக்கத்தை வாயால் சொல்வதைவிட விளையாட்டில்தான் அதிகம் சொல்கிறார்கள். மணலில் எதையோ புதைத்து, தோண்டி, மறுபடி புதைப்பார்கள். கோபத்துக்கென்று ஓர் அறை உண்டு. சுவரிலும் தரையிலும் மெத்தை பொருத்தி, குத்துவதற்குப் பை தொங்கவிட்டிருப்பார்கள். அதற்கு எரிமலை அறை என்று பெயர். அங்கே கத்தலாம், உதைக்கலாம், விழுந்து புரளலாம். தனக்கும் மற்றவருக்கும் அடிபடக் கூடாது என்பது மட்டும்தான் கட்டுப்பாடு.

குழுவை நடத்துபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை சொல்வது அவர்கள் வேலை இல்லை. தரையில் பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து, அது சொன்னதையே திருப்பிச் சொல்லி, கேட்டோம் என்று உணர்த்துவதுதான் வேலை. கட்டணம் கிடையாது. இத்தனை வாரத்தில் முடித்துவிட வேண்டும் என்ற கெடுவும் இல்லை.

கோபேயின் கருப்பு வானவில்

1995 ஜனவரி 17 அதிகாலையில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கி 6,400-க்கும் அதிகமானவர்களைக் கொன்றது. சாலை விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் படிப்புப் பணம் தரும் பணியிலிருந்து வளர்ந்த அஷினாகா என்ற அமைப்பு, நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்தவர்களைத் தேடி வீடு வீடாகப் போனது. 573 பிள்ளைகளைக் கண்டறிந்தது. அவர்களில் பத்து வயதுப் பையன் ஒருவன் வானவில் ஒன்றை வரைந்தான். அது கருப்பாக இருந்தது.

உதவித்தொகையால் மட்டும் அந்தக் கருப்பு போகாது என்று அஷினாகா புரிந்துகொண்டது. போர்ட்லண்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து, 1999-ல் கோபேயில் 'ரெயின்போ ஹவுஸ்' என்ற வீட்டைக் கட்டியது. அங்கும் ஓர் எரிமலை அறை இருக்கிறது. 2011 சுனாமிக்குப் பிறகு செண்டாய், இஷினோமாகி, ரிகுசென்டகாடா ஆகிய ஊர்களிலும் இத்தகைய வீடுகளைத் திறந்தது.

இதே அமைப்பின் இன்னொரு பணி என்னை அதிகம் பாதித்தது. தற்கொலையில் பெற்றோரை இழந்த மாணவர்கள், வெளியே வாய்திறக்க முடியாமல் பல ஆண்டுகள் சுமந்ததைத் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். 2000-ல் அதைச் சிறு நூலாகவும் கொண்டுவந்தார்கள். 'தற்கொலை என்று சொல்ல முடியவில்லை' என்பது அதன் தலைப்பின் பொருள். முதலில் பெயர் மறைத்து எழுதியவர்களில் சிலர் பிறகு சொந்தப் பெயரோடும் முகத்தோடும் முன்னால் வந்தார்கள். 2006-ல் ஜப்பான் தற்கொலைத் தடுப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியதில் இந்தப் பிள்ளைகளின் குரலுக்கும் பங்கு உண்டு. அப்பா தற்கொலை செய்துகொண்டதை 'ஹார்ட் அட்டாக்' என்று ஊருக்குச் சொல்லும் வீட்டில், உண்மை தெரிந்த பிள்ளை பொய்யையும் சேர்த்தே சுமக்கிறது.

பெரியவர்களுக்கும் ஓர் அறை

பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு அம்மா வாசலில் காத்திருப்பதோடு முடிந்துபோனால் இந்த முறையில் பாதி பலன்தான் இருக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும், பெற்றோரில் ஒருவரை இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் மெல்லத் தேறினார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. முதல் ஆண்டில் நன்றாக இருந்த சிலருக்கு இரண்டாம் ஆண்டில்தான் சிக்கல் வெளிப்பட்டது. பிள்ளை எப்படித் தேறுகிறது என்பதை எல்லாவற்றையும்விட அதிகம் தீர்மானித்தது, வீட்டில் எஞ்சியிருக்கும் அப்பாவோ அம்மாவோ எப்படி இருக்கிறார் என்பதுதான்.

அதனால்தான் அடுத்த அறை. கணவனை இழந்த பெண், பிள்ளையைச் சமாளிப்பது எப்படி என்று கேட்கத்தான் அங்கே வருவார். பிறகு தன் தூக்கமின்மையையும், மாமியார் வீட்டின் கெடுபிடியையும், வங்கிக் கணக்கில் பெயர் மாற்ற அலைந்ததையும் பேசுவார். கேட்பவர்களும் அதே வழியில் நடந்தவர்கள்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இர்வின் சாண்ட்லர் குழுவினர் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனி அமர்வுகளாக இப்படி ஒரு திட்டத்தை வகுத்து, 156 குடும்பங்களின் 244 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பங்கேற்ற பிள்ளைகளிடம் கடும் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. சில மாதப் பணி அத்தனை காலம் தாங்கியிருக்கிறது.

பிள்ளையின் துக்கம் எப்படி இருக்கும்

ஐந்து வயதுக்குக் கீழே, சாவு திரும்பி வராதது என்பது புரியாது. "அப்பா எப்போ வருவாங்க?" என்று பத்து முறை கேட்கும். பத்து முறையும் அதே உண்மையைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்: "அப்பா உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு. இனி வர மாட்டாங்க." 'தூங்குகிறார்' என்று சொன்னால் பிள்ளை இரவில் கண்ணை மூடவே பயப்படும். ஆறேழு வயதில், தான் கோபத்தில் ஏதோ சொன்னதால்தான் அம்மா இறந்தாள் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வதுண்டு. "உன்னால இல்ல" என்று பிள்ளை கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

இப்போது அழுது, அடுத்த நிமிடம் கிரிக்கெட் ஆட ஓடினால் 'கல்நெஞ்சு' என்று திட்டாதீர்கள். பிள்ளைகளால் துக்கத்தில் தொடர்ந்து நிற்க முடியாது, விட்டு விட்டுத்தான் வரும். விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பலாம். வயிற்றுவலி, மதிப்பெண் சரிவு, இருக்கும் பெற்றோரை விட்டு நகர மறுப்பது எல்லாம் வரலாம். வளரிளம் பருவத்தினர் ஒரேயடியாக மூடிக்கொள்வார்கள்.

எப்போது மருத்துவரிடம்

சகதுணைக் குழு சிகிச்சைக்கு மாற்று ஆகாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, 'நானும் அப்பாகிட்ட போயிடறேன்' என்ற பேச்சு, மது, போதை ஆகியவற்றைக் கண்டால் நாள் பார்க்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மரணத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெட்டாலும் அப்படியே. ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் தணியாமல், சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாம் முடங்கிக் கிடந்தால் அது 'நீடித்த துயர்க் கோளாறா' என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் தொடங்க

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு ரூ.5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தவர்களுக்கு ரூ.3 லட்சம் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. தேவையான, நல்ல காரியம். அந்தப் பிள்ளைகள் தங்களைப் போன்ற இன்னொரு பிள்ளையைச் சந்திக்க ஓர் இடம் வேண்டும் என்பதும் அதே அளவு தேவையானது.

பெரிய கட்டடம் வேண்டியதில்லை. ஒரு பள்ளியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். வீட்டாரின் சம்மதத்தோடும் பிள்ளையின் விருப்பத்தோடும், வயதொத்த ஐந்தாறு பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரோடு கூடினால் போதும். படம் வரையட்டும், பேசட்டும், 'பாஸ்' சொல்லட்டும். அறைக்குள் பேசியது வெளியே போகக் கூடாது. போட்டோ எடுத்துப் போடக் கூடாது. மேடையில் நிறுத்தி நோட்டுப் புத்தகம் வழங்கக் கூடாது. அன்னையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லும் முன் இந்தப் பிள்ளைகளை ஆசிரியர் நினைத்துக்கொள்ள வேண்டும். நினைவுநாள் நெருங்கும் வாரத்தில் கூடுதலாக ஒரு பார்வை வேண்டும்.

மனநல உதவிக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு 1098. அழைப்பவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், வகுப்பாசிரியர் யாரும் அழைக்கலாம்.