தொழில் பழகு – 12: ஒரு கடை, ஆறு தொழில், எத்தனை பெயர்?

எந்த ஊர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே போய் நின்றாலும் இந்தக் கடையைப் பார்க்கலாம். மேலே ஒரு முருகன் பெயரோ அம்மன் பெயரோ இருக்கும். அதற்குக் கீழே ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், பஸ் - ரயில் டிக்கெட் என்று வரிசை நீளும். கடைசியில், இடம் மிச்சமிருந்ததால் எழுதியதுபோல, ‘வீடு, மனை வாங்க விற்க அணுகவும்’.

இந்த வரிசையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். பள்ளிக்கூட சீசனில் ஜெராக்ஸ், முகூர்த்த மாதத்தில் பத்திரிகை, தேர்தல் வந்தால் ஃப்ளெக்ஸ் என்று ஒன்று படுத்தால் இன்னொன்று தூக்கிவிடும். சிறிய ஊரில் ஒரே தொழிலை நம்பி வாடகை கட்டுவது கஷ்டம்.

வியாபாரம் சூடு பிடித்ததும் இவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “எல்லாத்தையும் ஒரே பேர்ல வச்சுக்கலாமா, தனித்தனியா பிரிச்சிடலாமா சார்?” கேட்கும்போதே உள்ளே கம்ப்யூட்டரில் நாலு பெயருக்கு நாலு லோகோ டிசைன் ஆகிக்கொண்டிருக்கும். சொந்தக் கடையாச்சே!

உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சட்டத்தின் கணக்கில் நீங்கள் எத்தனை ஆள் என்பது முதல் கேள்வி. வாடிக்கையாளருக்கு எத்தனை பெயர் என்பது அடுத்தது. பலரும் இரண்டாவதற்கு நாலு பதில் வைத்திருப்பார்கள். முதலாவதை யோசித்தே இருக்க மாட்டார்கள்.

நீங்கள் ப்ரொப்ரைட்டர் என்றால், கடைக்கென்று தனி உயிர் கிடையாது. கடை வாங்கிய கடன் உங்கள் கடன்; கட்டாவிட்டால் அது வீடு வரை வரும். நாலு போர்டு மாட்டினாலும் பான் எண் ஒன்றுதான். நாலு கடையின் லாபமும் ஒரே வருமான வரிக் கணக்கில் வந்து சேரும். ஜி.எஸ்.டி.யும் விற்றுமுதலை பான் எண்ணை வைத்தே கூட்டுகிறது. பெயரைப் பிரித்தால் ஒவ்வொன்றும் 20 லட்சத்துக்குக் கீழே நிற்கும், பதிவே வேண்டாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரிடம் வேறு எந்த யோசனையும் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு 40 லட்சம்; கூடவே சேவையும் செய்தால் மொத்தத்துக்கும் 20 லட்சம்தான். நோட்டு, பேனா விற்றுக்கொண்டிருந்த ஸ்டேஷனரி கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடத் தொடங்கிய நாளிலேயே வரம்பு பாதியாகிவிடுகிறது. இது தெரியாமலே பலர் வரம்பைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

சிறு, குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் அப்படித்தான். ஒரு நிறுவனத்துக்கு ஒரு பதிவு. அந்த ஒன்றிலேயே எத்தனை தொழில்களை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், கட்டணமும் இல்லை. பெயரை நாலாக்கினால் உங்களுக்குக் கூடுவது வேலைதான். கரண்ட் அக்கவுண்ட் திறக்க அந்தந்தப் பெயரில் பேங்க் ஆதாரம் கேட்கும். போர்டில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் மூன்றாவதாக ஒரு பெயர் என்றால், பணம் அனுப்ப வந்தவர் கையை எடுத்துவிட்டு, “இது யாரு?” என்று கேட்பார்.

அப்படியானால் பிரிக்கவே கூடாதா? பிரிக்க வேண்டிய இடங்கள் உண்டு. சேவை வேறு என்பது மட்டும் காரணமாகாது. ஆபத்து வேறாக இருக்க வேண்டும், அல்லது பங்காளி வேறாக இருக்க வேண்டும்.

நம் கடையில் ஆபத்தானது அந்தக் கடைசி வரி. ஜெராக்ஸ் சரியாக வராவிட்டால் இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்துவிடலாம். மனை விவகாரத்தில் அட்வான்ஸ் சிக்கினால் லட்சக்கணக்கில் கேஸ் வரும். அது நடத்துகிற ஆள் மேல் வரும், அதே ஆளுடைய ஃப்ளெக்ஸ் மெஷினையும் விடாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவான மனைத் திட்டங்களை விற்றுக் கொடுக்க, 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ஏஜென்ட் பதிவும் வேண்டும். இன்னொரு சிக்கல் வருமான வரியில் இருக்கிறது. விற்றுமுதலில் 8 சதவீதமோ (டிஜிட்டல் வரவுக்கு 6) அதற்கு மேலோ லாபம் காட்டினால் விரிவான கணக்குப் புத்தகம் வேண்டாம் என்று சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறதே, கமிஷன், தரகு, ஏஜென்சி வருமானம் உள்ளவருக்கு அது கிடையாது. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ மனை முடித்துக் கொடுத்த தரகுப் பணம், வருடம் முழுக்க ஓடிய ஜெராக்ஸ் கடையின் சலுகைக்கும் உலை வைத்துவிடலாம். மனைத் தொழிலை விட மனமில்லை என்றால் அதை எல்.எல்.பி.யாகவோ (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) கம்பெனியாகவோ தனியே நிறுத்துங்கள். கம்பெனி என்றால் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் ஆடிட் கட்டாயம். எல்.எல்.பி.க்கு விற்றுமுதல் 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் ஆடிட். எல்.எல்.பி. தொடங்கக் குறைந்தது இருவர் வேண்டும். இதெல்லாம் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கடன் கொடுக்கும் பேங்க் உங்கள் சொந்த ஜாமீனையும் சேர்த்தே எழுதி வாங்கிக்கொள்ளும்.

பங்காளி விஷயம் இன்னும் எளிது. ஃப்ளெக்ஸ் மெஷினுக்கு மச்சான் பாதிப் பணம் போட்டிருந்தால், அதை மட்டும் கூட்டு நிறுவனமாக்கி ஒப்பந்தம் எழுதுங்கள். ஜெராக்ஸ் லாபத்தில் அவருக்குப் பங்கில்லை என்பதை அந்தத் தாள் சொல்லட்டும். நீங்கள் வாய்விட்டுச் சொல்லும் நிலை வேண்டாம். கூட்டு நிறுவனத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். பதிவு செய்யாத நிறுவனம் பாக்கி வைத்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமே சொல்கிறது.

ரயில் டிக்கெட்டைப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டாக இல்லாமல், சொந்த ஐ.டி.யில் ஊருக்கெல்லாம் புக் செய்து காசு வாங்குவது ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறைக்குப் போகிற குற்றம்.

இந்தப் பிரிவினையைப் பெரிய வீட்டார் எப்போதோ கற்றுக்கொண்டார்கள். 1911இல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலிலிருந்துதான் டி.வி.எஸ். குழுமம் வளர்ந்தது. வாகனக் கடன் கொடுக்க நினைத்தபோது அந்தக் குடும்பம் பஸ் கம்பெனிக்குள்ளேயே ஒரு மேஜையைப் போடவில்லை. 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸ் தனியாகப் பிறந்தது.

இனி பெயர். ஜெராக்ஸ் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு பத்திரிகை அச்சடித்தால், ஊர் உங்களை ஜெராக்ஸ் கடை என்றே நினைத்திருக்கும். இன்று செய்கிற வேலையைவிட ஒரு சுற்று பெரிய சொல்லாக வையுங்கள். கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் செய்தது விளையாட்டு பலூன். பெயரிலோ பலூன் இல்லை. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்று இருந்தது. பிறகு டயர் செய்ய வந்தபோது எம்.ஆர்.எஃப். பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதற்காக ‘குளோபல் என்டர்பிரைசஸ்’ என்று எதையுமே சொல்லாத பெயரும் வேண்டாம். ஒரு முதன்மைப் பெயர், அதன் கீழே ‘அச்சகம்’, ‘போட்டோ’, ‘டிராவல்ஸ்’ என்று வாலைச் சேர்த்துக்கொண்டால் சிறு கடைக்குப் போதும். மனைத் தொழிலுக்கு மட்டும் பெயரும் வேறாக இருக்கட்டும்.

சாமி பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, கும்பிடுவதற்கு நல்லது. தனியுரிமை கொண்டாடுவதற்குத்தான் அவ்வளவாக உதவாது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரை ஒருவர் தனக்கே உரியது என்று கேட்டபோது, புனித நூலின் பெயரைத் தனியொருவர் முத்திரையாகக் கோர முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தைக் கூட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எதைக் கூட்டினாலும் ஜி.எஸ்.டி., பேங்க், போர்டு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கூட்டுங்கள்.

டிரேட்மார்க் வாங்குவதில் தொழில்களின் எண்ணிக்கை பையைத் தொடும். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 35 முதல் 45 வரை சேவைகள். ஜெராக்ஸ் 35இல் வரும், டிக்கெட் 39இல், அச்சு 40இல், போட்டோ 41இல். தனிநபரும் சிறுநிறுவனமும் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், நாலுக்கு 18,000. ஏ.சி., வாட்டர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் ரிப்பேர் செய்பவருக்கோ 37 ஒன்றே போதும். நம் கடைக்காரர் நாலுக்கும் கட்ட வேண்டாம். எதில் காசு வருகிறதோ அதற்கு முதலில் போடட்டும். கிடைத்தால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

போர்டில் தமிழ் முதலில் வர வேண்டும் என்பது தமிழ்நாட்டின் கடைகள் சட்ட விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இருந்தால் இடம் 5:3:2 என்ற கணக்கில்.

லோகோவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்திலும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டும் இலவசம். கூகுள் மேப்பில் உங்கள் மாவட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதே பெயரில் அதே தொழில் செய்பவர் ஏற்கெனவே இருந்தால், அவர் பதிவு செய்திருக்காவிட்டாலும் விட்டுக்கொடுத்துவிடுங்கள். முந்திப் பயன்படுத்தியவர் பக்கம்தான் சட்டம் நிற்கும்.

(தொடரும்)